பலஸ்த்ரீனாவும் என் வயிற்றெரிச்சலும்

13 அக்டோபர் 2025, திங்கள்

கடைவாய்ப் பல் பிடுங்குவதற்காக லீவு போட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில்தானா ரோச் சார் எங்கள் ஆபீஸ் படி ஏற வேண்டும்?

நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான செசிலியம்மாள் திருநாளன்று எங்கள் கோயில் பாடகர் குழுவின் கச்சேரி. பலஸ்த்ரீனா என்கிற இத்தாலிக்காரர் பிறந்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. அவர் லத்தீனில் போட்டு வைத்த பாட்டு இரண்டை நாலு குரலில் பாடுகிறோம். வருகிறவர்கள் கையில் கொடுக்க இங்கிலீஷில் எட்டுப் பக்கப் புத்தகம். பதினேழு வருஷமாக எந்தக் கச்சேரிக்கும் புத்தகத்தை எழுதுவதும் நான்தான், மேடையில் மைக் பிடித்து வாசிப்பதும் நான்தான். ரோச் சார் குழுவை நடத்துகிறவர். நான் எழுதிக் கொடுத்திருந்த முதல் காப்பியில் பாட்டு வரிசையைச் சேர்த்து, என்னிடம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். பக்கத்து மேசை ருமைஸாதான் இருந்திருக்கிறாள்.

வாங்கிய காகிதத்தை என் மேசையில் வைக்க வேண்டியதுதானே? நின்றபடியே வாசித்துவிட்டு, "சார், ரெண்டு எடத்துல இடிக்குது, திருத்தித் தரவா?" என்று கேட்டாளாம். அரை மணி நேரத்தில் முழுசையும் புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டாளாம். சாயங்காலம் ரோச் சார் போன். "ஏம்மா, ஒங்க ஆபீசுல இப்படி ஒரு புள்ள இருக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே?"

நான் ஏன் சொல்லணும்? வாய் நிறையப் பஞ்சு இருந்தது. நல்லதாய்ப் போயிற்று.

14 அக்டோபர்

பல் பிடுங்கியிருக்கிறேன் என்று ருமைஸா காயல்பட்டினத்திலிருந்து தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள், தேங்காய்ப்பால் ஊற்றி. அவள் உம்மா வைத்ததாம். ருசியாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்.

17 அக்டோபர், வெள்ளி

பிராக்டிஸில் ரோச் சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்த வருசம் புஸ்தகம் ரீனா ஆபீசுல உள்ள அந்தக் காயல்பட்டினத்துப் புள்ள எழுதுது. என்னமா எழுதுது தெரியுமா! ரீனா வாசிப்பா."

வாசிப்பாளாம். அடுத்தவள் எழுதினதை வாசிப்பதற்கு நான் என்ன பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியா? சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். கன்னம் வலித்தது, பல் பிடுங்கிய பக்கம்.

வீட்டில் வந்து சொன்னால் என் வீட்டுக்காரர் பெவினுக்குச் சிரிப்பு. துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற டக் போட்டில் எஞ்சின் பார்க்கிற மனுஷனுக்கு மைக்கின் அருமை எங்கே தெரியும்! "ஏளா, எழுதுத வேல மிச்சம்னு சந்தோசப்படு. ஒனக்கு மைக்குதான வேணும், அதான் இருக்கே." குசினியில் போய்ச் சட்டியை 'ணங்'கென்று வைத்தேன்.

23 அக்டோபர்

எனக்குப் பொறாமை. இந்த நோட்டிலாவது நேராக எழுதி வைக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வாய் வராது.

அவள் வயது இருபத்தாறு, எனக்கு நாற்பத்து நாலு. கப்பல் ஏஜென்சியில் எனக்குப் பதினெட்டு வருஷம், அவளுக்கு இரண்டு. வந்த புதிதில் க்ரூ லிஸ்ட் என்றால் என்ன என்று கேட்டவள். கப்பலில் வருகிற ஆட்களின் பேர்ப் பட்டியல், இதில் ஒரு பேர் பிசகினாலும் இமிக்ரேஷன்காரர் ஒருத்தரையும் கரையில் இறங்க விடமாட்டார் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். எது குடும்பப் பேர், எது சொந்தப் பேர், பிலிப்பைன்ஸ்காரனுக்கு எப்படி, இத்தாலிக்காரனுக்கு எப்படி, அப்பா பேரை இனிஷியலாகப் போட்டு வருகிற நம் ஊர்ப் பையனுக்கு எந்தக் கட்டத்தில் எதைப் போட வேண்டும் — எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

இப்போது ரோச் சார் ஆபீசுக்கு வந்தால் நேராக அவள் மேசைக்குப் போகிறார். எனக்கு ஒரு கையசைப்பு, தபால்காரருக்குக் காட்டுகிற மாதிரி.

28 அக்டோபர், செவ்வாய்

எழுதி முடித்துவிட்டாளாம். "பாத்துச் சொல்லுங்கக்கா" என்று முதலில் என்னிடம்தான் நீட்டினாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசித்தேன். தப்பு தேடித்தான் வாசித்தேன், வேறு எதற்கு?

ஒன்றுமில்லை. ஒரு கமா கூடப் பிசகவில்லை. நான் எழுதினால் 'மகா இசைமேதை', 'தெய்வீக இன்பம்' என்று அடுக்குவேன். அவள் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருக்கிறாள், நாலு குரல் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி நுழைகின்றன என்று. பதினேழு வருஷம் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நின்று பாடிய எனக்கே அதை வாசித்தபோதுதான் விளங்கியது. பாட்டுக் குழுவில் இல்லாத ஒருத்திக்கு இது எப்படித் தெரிகிறது?

"நல்லாருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே.

30 அக்டோபர்

கிடைத்துவிட்டது!

முதல் பக்கத்தில் ஜொவான்னி பியர்லூயிஜி தா பலஸ்த்ரீனா என்று முழுப் பேரையும் போட்டிருக்கிறாள். சரி. அதற்குப் பிறகு ஏழு இடத்தில் வெறும் பலஸ்த்ரீனா, பலஸ்த்ரீனா. இன்று போனில் தேடினேன். பலஸ்த்ரீனா என்பது ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர்! அவர் ஊர் அது. 'தா' என்றால் 'அந்த ஊர்க்காரர்', அவ்வளவுதான். குடும்பப் பேர் பியர்லூயிஜி.

ரோச் சாருக்குச் சொந்த ஊர் கீழவைப்பார். 'கீழவைப்பார் வந்தார், கீழவைப்பார் பாட்டுப் போட்டார்' என்று யாராவது புத்தகம் எழுதுவார்களா? க்ரூ லிஸ்ட்டில் குடும்பப் பேர்க் கட்டத்தில் ஊர்ப் பேரைப் போட்டால் என்ன ஆகும்? நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். எம்.ஏ. படித்தவள் கோட்டை விட்டுவிட்டாள்.

நானும் பதினேழு வருஷமாக பலஸ்த்ரீனா என்றுதான் சொல்லி வந்தேன். அது வேறு விஷயம்.

வெகுநாளைக்குப் பிறகு இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

3 நவம்பர்

அவளிடம் சொல்லலாம். "ருமைஸா, இந்தப் பேரை ஒரு தடவ பாரு" — முடிந்தது. நல்ல மனுஷி என்றால் அதைத்தான் செய்வாள்.

சொன்னால் என்ன ஆகும்? திருத்துவாள், புத்தகம் இன்னும் நன்றாக இருக்கும், ரோச் சார் அவளை இன்னும் புகழ்வார். என் பேர் எங்கேயும் வராது.

சொல்லாமல் விட்டால்? சிறப்பு விருந்தினராக வருகிற சாமியார் ரோமாபுரியில் பதினொரு வருஷம் படித்தவர். அவர் முன்னால் மைக்கில் நின்று அந்தத் தப்பை வாசிக்கப் போகிறவள் நான். அவள் எழுதிய தப்புக்கு என் வாயா?

வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

13 நவம்பர், வியாழன்

மழை. சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு பிச்சையா அண்ணாச்சியின் அச்சாபீசுக்குப் போனேன். புத்தகம் நாளைக்கு அச்சில் ஏறுகிறது. "ரோச் சார் அனுப்பினாரு, ஒரு திருத்தம் இருக்கு" என்றேன். கம்ப்யூட்டரில் ஏழு இடத்தையும் காட்டினேன். ஏழிலும் பலஸ்த்ரீனாவை எடுத்துவிட்டு பியர்லூயிஜி போட்டாயிற்று.

அண்ணாச்சி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, "எழுதின புள்ளகிட்ட கேட்டாச்சாம்மா?" என்றார்.

"கேட்டாச்சு அண்ணாச்சி."

அடுக்காக இரண்டு பொய். வாய் கூசவே இல்லை. கச்சேரி முடிந்ததும் எல்லாரும் இருக்கும்போது ரோச் சாரிடம் சொல்ல வேண்டும்: 'கடைசி நேரத்துல நான் பாத்தேன் சார், இல்லேன்னா அந்தச் சாமியார் முன்னால மானம் போயிருக்கும்.' அவர் முகம் எப்படி மாறும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய முத்தையாபுரம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

19 நவம்பர்

ருமைஸாவின் வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். கச்சேரிக்கு வருகிறாராம். திரும்பும்போது கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் காட்ட பத்துப் புத்தகம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாராம். "எம்மவ எழுதுனதுன்னு கொடுப்பாங்களாம்க்கா, எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள்.

எரிந்தது. என் அப்பா ஒரு வருஷமாவது என் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பாரா?

22 நவம்பர், சனி

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

பாட்டு பிசகில்லாமல் போயிற்று. மைக்கில் என் குரலும் நன்றாகத்தான் இருந்தது. பியர்லூயிஜி, பியர்லூயிஜி என்று ஏழு தடவையும் நாக்கைச் சுழற்றி அழுத்தி வாசித்தேன். முன்வரிசையில் ருமைஸா, பக்கத்தில் அவள் வாப்பா, மடியில் புத்தகம்.

கடைசியில் விருந்தினர் சாமியார் பேச வந்தார். நல்ல மனுஷன், வேண்டுமென்று சொல்லவில்லை. "ஒங்க பாட்ட கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா பியர்லூயிஜி யாருன்னுதான் ரொம்ப நேரம் வெளங்கல. புதுசா யாரோ பாட்டுப் போட்டிருக்காருன்னு நெனச்சேன்!" கூட்டம் சிரித்தது. "பலஸ்த்ரீனா ஊர் பேருதான், வாஸ்தவம். ஆனா இங்கிலீஷ்ல எந்தப் புத்தகத்தப் பிரிச்சாலும் அவருக்கு அதான் பேரு. நம்ம ஊர்ல இல்லியா? ஏரல் அண்ணாச்சி, சாயர்புரம் அண்ணாச்சின்னு ஊர வச்சுத்தான கூப்பிடுதோம்? அவரும் பலஸ்த்ரீனா அண்ணாச்சி, அவ்வளவுதான்." இன்னும் பெரிய சிரிப்பு.

எங்கள் தெருமுனைக் கடைக்காரர் உடன்குடி அண்ணாச்சி. இருபது வருஷமாக அவர் கடையில் சாமான் வாங்குகிறேன். அவர் பேர் என்ன என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

இது இல்லை நான் எழுத வந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான்.

மேடைக்குப் பின்னால் ரோச் சார் முகம் கறுத்து நின்றார். ருமைஸாவும் வாப்பாவும் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். அந்தப் பெரிய மனுஷர் கையை நீட்டினார், ரோச் சார் பார்க்கவே இல்லை. "ஏம்மா, எங்கிட்ட காட்டின காப்பில பலஸ்த்ரீனான்னுதான இருந்துச்சு? கடேசி நேரத்துல ஒன்ன யாரு கைய வைக்கச் சொன்னா? அத்தன பேரு முன்னால சிரிக்க வச்சிட்டியே."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஸாரி சார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாப்பா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

நான் எங்கே இருந்தேன்? நாலடி தள்ளி, மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டியதையே மறுபடி பிரித்துச் சுருட்டினேன். வாயத் தொறந்தா என்னவாம்? ஒரு வார்த்த. 'நான்தான் சார்.' வரல.

23 நவம்பர், ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. பெவின் ஏன் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

25 நவம்பர்

ருமைஸா எப்போதும் போல வந்தாள், எப்போதும் போல வேலை பார்த்தாள். டீ வந்தபோது என் கிளாசையும் எடுத்து வைத்தாள். பத்துப் புத்தகம் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் ரோச் சார் போன். "நீ எழுதிருந்தா இப்படி ஆயிருக்காதும்மா. ஆளு தெரியாம கொடுத்துட்டேன். கிறிஸ்மசுக்கு நீயே எழுது, நீயே வாசி."

ஆசைப்பட்டது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன்.

28 நவம்பர், வெள்ளி

கிறிஸ்மஸ் பாட்டு வரிசையைக் கொடுக்க அச்சாபீசுக்குப் போனேன். பிச்சையா அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை போல. "கச்சேரில ஏதோ சிரிப்பாப் போச்சாமே? எந் தப்பு இல்லம்மா. அன்னைக்கு நீ போனதும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேனே" என்றார்.

"என்ன சொன்னா அண்ணாச்சி?"

"கொஞ்ச நேரம் யோசிச்சுது. பெறவு, 'பேரு விசயத்துல ரீனாக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், அப்படியே போடுங்க'ன்னுச்சு."

அண்ணாச்சி வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். பதின்மூன்றாம் தேதியே தெரியும். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் ஏழு தடவை வாசித்ததைக் கேட்டபோது தெரியும். 'ஸாரி சார்' சொன்னபோதும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை?

1 டிசம்பர், திங்கள்

கேட்டுவிட்டேன். டீ நேரம், ஆபீசில் வேறு யாரும் இல்லை.

"ஒனக்குத் தெரியும்லா. ஏன் ரோச் சார்கிட்ட எம்பேரச் சொல்லல?"

அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

பிறகு திரும்பினாள். "அன்னைக்கு நீங்க பக்கத்துலதான நின்னீங்க. இப்பச் சொல்லுவாங்க, இப்பச் சொல்லுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். வாப்பா காருல வரும்போது ஒண்ணும் பேசல. புக்க எல்லாம் அலமாரில வச்சிட்டாங்க. ஒம்பதாம் தேதி கெளம்புறாங்க."

அழவில்லை, சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"பொறாம. வேற ஒண்ணுமில்ல. ஒம்மேல எனக்கு அம்புட்டுப் பொறாம" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவளுக்கு அது புரியவே இல்லை. "எம்மேலயா?" என்று கேட்டாள்.

5 டிசம்பர், வெள்ளி

பிராக்டிஸ் ஆரம்பிக்கும் முன்னால் சொன்னேன். முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அச்சாபீசுக்குப் போனது, ரோச் சார் பேரைச் சொன்னது, அந்தப் பிள்ளையிடம் கேட்டதாகச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக. ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

ரோச் சார் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அந்த மனுசன் கையக்கூட நான் பிடிக்கலியே" என்றார், தனக்குத்தானே. கொஞ்சம் கழித்து, "மைக்க அங்கன வையி. போய் ஆல்ட்டோவுல நில்லு" என்றார்.

நின்றேன். பாட்டு வந்தது. பாடினேன்.

வீட்டில் பெவினிடமும் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். "இத்தன வருசமா மனசுல இவ்வளவு வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

7 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் காயல்பட்டினம் பஸ் ஏறினேன். மடியில் பன்னிரண்டு புத்தகம், நேற்று அண்ணாச்சி புதிதாக அடித்துக் கொடுத்தது. ஏழு இடத்திலும் பலஸ்த்ரீனா. ருமைஸாவிடம் முன்னாலேயே சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்பாள்.

அவள் வாப்பா வாசலுக்கே வந்து உள்ளே கூப்பிட்டார். பாதி மூடிய பெட்டி கூடத்தில் கிடந்தது. உட்காரச் சொன்னார், உட்காராமலே சொன்னேன். ரோச் சாரிடம் சொன்னதை விட இது கஷ்டமாக இருந்தது. மகளைப் பெற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முடிவில் அவர், "எங்ககிட்ட அவ அச்சாபீஸ்காரங்க தப்புன்னுல்ல சொன்னா" என்றார்.

வீட்டிலும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அப்போதுதான் அழுதேன். உள்ளேயிருந்து ருமைஸா தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரை நின்றாள்.

அவர் புத்தகத்தை வாங்கி, மகள் பேர் இருக்கிற பக்கத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்தை எண்ணிப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். "ரோச் சார் நேத்து வந்து போனாங்க, ஆனா யாரு செஞ்சதுன்னு சொல்லல. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார்.

9 டிசம்பர், செவ்வாய்

ருமைஸா லீவு, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறாள். ஆபீசில் என் பக்கத்து நாற்காலி காலி.

பதினொரு மணிக்கு ரோச் சார் போன் செய்தார். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை, கோபமும் இல்லை. "கிறிஸ்மசு புஸ்தகம் எழுதித் தரியான்னு அந்தப் புள்ளகிட்ட நேத்து கேட்டேன். எழுதுதேன்னு சொல்லுது. ஆனா ஒரு கண்டிசன் போடுது."

"என்ன சார்?"

"பேரெல்லாம் ரீனாக்கா பாத்துத் தந்தாத்தான் அச்சுக்குக் கொடுப்பேங்குது. நான் என்னத்தச் சொல்ல? ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றேன். மைக் யாருக்கு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

இன்னமும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆறு மணிக்குப் பிராக்டிஸ். ஆல்ட்டோவில் ஆள் குறைவு, நேரத்தோடு போக வேண்டும்.